இறால்கள் சட்டை கழற்றிய நாள்

“நாளைக்குத் தேடினா தானா கிடைக்கும்னுதான் சொல்றேன்...”

“நாளைக்குக் கிடைச்சா அதை வச்சு விசிறிக்கவா அத்தை? ஃப்ளைட்டு இன்னிக்கு சாயங்காலம்...”

“கத்தாதே. நீ கத்தினா பாஸ்போர்ட்டு காது கேட்டு எழுந்து வந்துடுமா?”

“நீங்க கத்தலாம், நான் மட்டும்...”

“நான் எங்க கத்தினேன்? என் குரலே இப்படித்தான்!”

அது உண்மை. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் ஓர் உறுமல் உறுமுமே, அந்த அம்மாளின் குரல் அந்த வகை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ரேடியோ ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

“மேடம், நாம சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கோம். காணாமப் போனது பாஸ்போர்ட்டு மட்டுமில்ல, அமைதியும்தான்.”

“வாயை மூடிக்கிட்டு உள்ள வா” என்றார் தராசு.

கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கும் உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் துப்பறிய இறங்கி மனிதர்களின் பேச்சை எடைபோட வந்தவர் அவர். அதனால்தான் தராசு. ரேடியோ அவருடைய உதவியாளன். கடைத்திறப்பு விழாக்களில் மைக் பிடித்தவன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், பேச்சைக் கொடுக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் மாமியார் அவனைத்தான் முதலில் பிடித்தார்.

“காலையில வழி கேட்டுப் போன் பண்ணினப்ப என்னை வாய்க்கு வாய் ‘சொல்லுங்க சார், சொல்லுங்க சார்’னு கூப்பிட்டது நீதானே?”

“லைன்ல கொஞ்சம் இரைச்சல்ம்மா...”

“இரைச்சல் லைன்ல இல்ல, உன் தலையில.”

“உட்காருங்க மேடம்” என்றாள் மருமகள். அவள் ஒரு நர்ஸ். ஆனால் அவளே உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் கட்டி வைத்த பெட்டி. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே பேசினாள். “வெளிநாட்டு ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு வருஷமா பரீட்சை எழுதி எழுதி வாங்கினது. இன்னிக்குப் போகலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. டாக்ஸிக்குச் சொல்லியாச்சு. இப்ப வந்துடும்.”

“கடைசியா எப்ப பார்த்தீங்க?”

“முந்தாநாள் ராத்திரி. என் அலமாரியில, மேல் தட்டுல. நேத்து காலையில இவர் பட்டறைக்குக் கிளம்பிட்டார். நான் கூட வேலை செஞ்சவங்க கிட்ட சொல்லிக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் கரப்பானுக்கு மருந்தடிக்க ஆள் வந்திருக்கான். நாங்க யாருமே கூப்பிடல மேடம்!”

“நீதான் கூப்பிட்டு மறந்திருப்ப” என்றார் மாமியார்.

“ஊருக்குப் போறவ கரப்பானைப் பத்தி ஏன் அத்தை கவலைப்படப் போறேன்?”

“அது சரி. போறவளுக்கு எதைப் பத்தித்தான் கவலை?”

தராசின் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது. “நீங்கதானே அப்ப வீட்ல இருந்தது?”

“நான்தான். மணி அடிச்சுது, திறந்தேன். அலமாரியெல்லாம் காலி பண்ணுங்க, அரை நாள் வெளியே இருங்கன்னான். கட்டின புடவையோட வெளியே வந்துட்டேன். ஒரு சாமான் தொடல. காலி பண்றேன்னு இவன்தான் எல்லாத்தையும் இழுத்துப் போட்டான். எங்கயாவது இடம் மாத்தி வச்சிருப்பான்.”

“இவன்” என்றது மூலையில் ஸ்டூலில் இருந்த மருந்துக்காரரை. பூச்சிமருந்து டேங்கை இரண்டு முழங்காலுக்கும் நடுவே, அழும் குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமல், பேர் கெட்டுவிடக் கூடாதே என்று அவராகவே வந்திருந்தார்.

“இழுத்துப் போட்ட துணியை அப்படியேதான் திருப்பி வச்சேங்க. போலீஸ் வந்து நின்னா ஆபீஸ்ல நாளையிலேருந்து வராதேன்னுடுவாங்க. வேணும்னா நானே போலீஸைக் கூப்பிடுறேன், சோதிச்சுக்கட்டும்.”

“போலீஸெல்லாம் எதுக்கு?” மாமியாரின் உறுமல் பாதியாகக் குறைந்தது. “ஏழை பாழை. இந்தா, தண்ணி குடி. நான் மாடிக்குப் போய் அல்லிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடுறேன்.”

“இப்பவா அத்தை? காலையிலேருந்து நாலு தரம் ஊத்தியாச்சு!”

“வெயில் காயுது. உனக்கு ஃப்ளைட்டுன்னா பூ காயணுமா?”

மாடிக்குப் போகாமலே மாமியார் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவினார். மறுபடி உட்கார்ந்தார்.

இத்தனை அமளியிலும் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தியிருந்த அந்த வீட்டுக் கணவர். தொழில், பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தருவது.

“ஊர்ப் பல்லையெல்லாம் கட்டுவான்” என்றார் மாமியார். “வீட்ல ஒருத்தி கேள்வி கேட்டா இவன் பல்லைத் திறக்க மாட்டான். நாள் பூரா அந்தப் பூச்சியோடதான் பேச்சு.”

“பூச்சி இல்லம்மா, இறால்” என்றார் அவர், திரும்பாமலே.

ரேடியோ எட்டிப் பார்த்தான். பாசிக் கொத்துக்கு நடுவே, விரல் நகம் அளவுகூட இல்லாத சிவப்பு இறால்கள். ஒவ்வொன்றும் முன்கால்களால் எதையோ கிள்ளி வாய்க்கும் கைக்குமாக ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

“எவ்வளவு வளர்ந்தா குழம்பு வைக்கலாம்?”

கணவர் திரும்பினார். அந்தப் பார்வையில் ரேடியோ இரண்டு அடி பின்னால் போனான்.

“இது இவ்வளவுதான் வளரும். இதைச் சாப்பிட மாட்டாங்க. பார்த்துக்கிட்டே இருப்பாங்க.”

“கஷ்டமான வளர்ப்போ?” என்றார் தராசு.

“தண்ணி சரியா இருந்தா கஷ்டமே இல்ல. பூச்சிமருந்துதான் எமன். இறாலும் பூச்சிக்குச் சொந்தக்காரன்தானே? இந்தக் கூடத்துல கொசுமருந்து ஒரு தடவை அடிச்சாலும் ஒண்ணுகூட மிஞ்சாது. அதுக்காகவே நாங்க கொசுக்கடி வாங்கிட்டுத் தூங்குறோம். நேத்து மருந்தடிச்சாங்கன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தேன். எல்லாம் செத்து மிதக்கும்னு நெனச்சேன். உயிரோட இருக்கு. ஏன்னு தெரியல.”

ரேடியோ கையைத் தட்டினான்.

“மேடம், கேஸ் முடிஞ்சுது! மருந்து பட்டா இறால் சாகும். இறால் சாகல. அப்போ மருந்தே அடிக்கல. மருந்துக்காரர்னு வந்தவர் மருந்துக்காரரே இல்ல. டேங்கு நிறைய பச்சைத் தண்ணி, கை நிறைய பாஸ்போர்ட்டு!”

மருந்துக்காரர் துள்ளி எழுந்தார். பதில் சொல்லாமல் ரேடியோவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போனார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தார். மல்லாந்து கிடந்த கரப்பான் ஒரு கூட்டம்.

“இதுங்க என்ன, வெயில்லயா காயுது?”

ரேடியோ குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். “மேடம், கேஸ் திரும்பத் திறந்துடுச்சு.”

“கூடத்துலயும் அடிச்சீங்களா?” தராசு மருந்துக்காரரைக் கேட்டார்.

“மூலை மூலையா அடிச்சேங்க.”

“தொட்டி கிட்டயும்?”

“தொட்டின்னே எனக்கு இப்பத்தான் தெரியும். நேத்து அது மேல பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத் தரை வரைக்கும் மூடி இருந்துச்சு. ஏதோ மேசைன்னு நெனச்சுட்டேன்.”

எல்லாருடைய கண்களும் சாப்பாட்டு மேசைக்குப் போயின. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. தராசு குனிந்து அதன் ஓரத்தை முகர்ந்தார். மருந்து நெடி இன்னும் போகவில்லை.

“ஆக, நீங்க வரப் போறது ஒருத்தருக்கு முன்னாடியே தெரியும். உங்க ஆபீஸுக்குப் போன் பண்ணினது யாரு?”

“ஆபீஸ்ல எடுத்த பொண்ணு சொன்னா, யாரோ ஒரு சார் பேசினாராம். ஒரே அதட்டல். ‘நாளைக்கே ஆள் அனுப்பு, கேள்வி கேட்காதே’ன்னு.”

அந்த வீட்டில் ‘சார்’ ஒருவர்தான். நர்ஸின் நடை அப்போதுதான் நின்றது.

“என்னங்க... நீங்களா?”

பல்செட்காரர் தொட்டியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “நான் எதுக்கு?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் படிச்சப்ப லைட்டை அணைக்காம உட்கார்ந்திருந்தீங்க. சந்தோஷப்படுறீங்கன்னுல்ல நெனச்சேன்! இறாலைக் காப்பாத்தணும்னு தோணிச்சு, என் பிழைப்பைக் காப்பாத்தணும்னு...”

“நான் எடுக்கல” என்றார் அவர். பல்லைத் திறக்கத் தெரியாத மனிதர்.

“அவன் இல்ல!” மாமியாரின் குரல் கூடத்தை அறைந்தது.

“எப்படித் தெரியும்?” தராசு கேட்டார்.

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

கீழே தெருவில் ஒரு ஹாரன். நர்ஸ் ஜன்னலுக்கு ஓடினாள். வேறு யாருக்கோ வந்த வண்டி. திரும்பி வந்து பெட்டியின் பூட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

அந்த நேரத்தில்தான் ரேடியோ அலறினான்.

“பிணம் மேடம்! ஒண்ணு இல்ல, கும்பலா! வெள்ளை வெளேர்னு!”

கண்ணாடித் தொட்டியின் அடியில், கறுப்பு மண்ணின் மேல், வெளுத்த சின்னஞ்சிறு உருவங்கள். மீசை, கால், வால் எல்லாம் அச்சாக இருந்தன. உயிர் மட்டும் இல்லை.

“பிணம் இல்ல, சட்டை” என்றார் கணவர். அந்தப் பேச்சு வந்ததும் அவருக்கு வாய் திறந்துகொண்டது. “வளர வளர இறால் தோட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு போட்டுக்கும். பழசை அப்படியே விடணும், அதுங்களே தின்னுடும்.”

“பழைய சட்டையைத் தானே தின்னுடுமா? துவைக்கிற வேலை மிச்சம்!”

“எல்லாம் ஒரே நாள்லயா கழட்டும்?” என்று கேட்டார் தராசு.

கணவர் தயங்கினார். “கழட்டாது. ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு அடுத்த வாரம்னு அதது இஷ்டத்துக்குக் கழட்டும். காலையிலேருந்து எனக்கும் அதான் உறுத்துது. இப்படிக் கூட்டமா கழட்டினா, தண்ணி சட்டுனு மாறியிருக்கணும். ஒரு தண்ணியிலேருந்து தூக்கி வேற தண்ணியில போட்டா அதிர்ச்சியில கழட்டிடும். ஆனா நான் தண்ணியே மாத்தலையே.”

“தொட்டியில தண்ணி மாறல. அப்போ இறால்தான் இடம் மாறியிருக்கு. விரிப்பு மட்டும் போதாதுன்னு பயந்து, யாரோ அள்ளிக்கிட்டுப் போய் வேற எங்கயோ விட்டு, மருந்து நெடி அடங்கினதும் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்காங்க.” தராசு நர்ஸின் பக்கம் திரும்பினார். “உங்க வீட்டுக்காரர் புதுசா இறால் வாங்கினா தொட்டியில எப்படி விடுவார்?”

“அதை ஏன் கேட்கறீங்க!” இத்தனை தவிப்பிலும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “வாங்கின பைத் தண்ணியோட ஒரு கிண்ணத்துல ஊத்தி, மெல்லிசா ஒரு குழாய் கட்டி, நம்ம தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுவார். பழகணுமாம்! ஆஸ்பத்திரியில நான் ஏத்துற டிரிப்ஸ்கூட அதைவிட வேகம். எங்க கல்யாண நாளைக்கு நான் செருப்பு போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கிறேன், இவர் சொட்டு இன்னும் முடியலைன்னு உள்ள உட்கார்ந்திருக்கார்.”

“கல்யாண நாளுக்கே சொட்டை நிறுத்தாத மனுஷன்” என்றார் தராசு, “நேத்து மட்டும் வாளியைக் கவிழ்த்து மடக்குன்னு கொட்டியிருப்பாரா?”



“இதைச் செஞ்சவங்களுக்கு இறால் செத்துடும்னு தெரியும், அந்தப் புலம்பலை தினம் கேட்டவங்க. ஆனா எப்படித் திருப்பி விடணும்னு தெரியாது. உங்க வீட்டுக்காரர் இல்லம்மா.”

நர்ஸ் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

தராசு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியின் மூலையில் ஒற்றை விரலை நனைத்து எடுத்தார். விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது, கடுகைவிடச் சற்றே பெரிய, வட்டமான ஒரு பச்சை இலை.

“இது?”

பாஸ்போர்ட் போனபோது எழுந்திராத மனிதர் இப்போது எழுந்து நின்றுவிட்டார். “ஐயையோ! இது எப்படி உள்ள வந்துச்சு? ஒரு இலை போதும்ங்க, நாலு வாரத்துல தொட்டியையே மூடிடும். இதை நான் வாசல்ல கூட விடமாட்டேனே! இது...”

நின்றுவிட்டது பேச்சு. அவருக்குத் தெரிந்துவிட்டது. தாயைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

தராசு விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“ரேடியோ, காலையில போன்ல யாரை சார்னு கூப்பிட்ட?”

“அதான் மன்னிப்பு கேட்...” ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தராசு கைக்குட்டையை மடித்து வைத்தார். மாமியாரின் பக்கம் போய், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுவது போலச் சாதாரணமாகக் கூப்பிட்டார்.

“அம்மா, அல்லிக்குத் தண்ணி ஊத்தணும்னீங்களே. வாங்க, நானும் பார்க்கிறேன்.”

மாமியார் விரிப்பின் சுருக்கத்தை ஒருமுறை நீவினார். எழுந்தார். படியேறும்போது மூச்சு வாங்கியது. பின்னால் தராசு, அவருக்குப் பின்னால் நர்ஸ்.

மொட்டை மாடியில் வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அகலமான ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் இரண்டு அல்லிப் பூ. மிச்ச இடமெல்லாம் கடுகுக் கடுகாக அந்தப் பச்சை இலை மிதந்தது. தராசு கையால் இலைகளை ஒதுக்கினார். கறுத்த தண்ணீரில், அல்லித் தண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சிவப்புப் புள்ளி. மீசையை ஆட்டியது.

“ஒண்ணை விட்டுட்டீங்கம்மா.”

“எத்தனை தடவை எண்ணுவேன்?” என்றார் அந்த அம்மாள். உறுமல் இல்லை, காற்று மட்டும் வந்தது. “டீ வடிகட்டியால அள்ளினேன். ஒவ்வொண்ணும் துள்ளுது. ஒண்ணு செத்தாலும் அவன் சோறு தின்னமாட்டான்.”

“அலமாரியைக் கலைக்க ஒரு ஆள் வேணும், தொலைஞ்சதுக்கு ஒரு காரணம் வேணும்னு மருந்துக்காரரை வரவழைச்சீங்க. இவ்வளவு யோசிச்சவங்க, பூச்சி பூச்சின்னு நாள் பூரா திட்டுற ஜந்துவை விட்டுட்டு வெளியே போயிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்.”

“திட்டினா? சாகவிட்டுட முடியுமா?” அவர் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். “அந்த மருந்துக்காரன் மேல பழி வரும்னு நெனைக்கல. எங்கயோ மாறிக் கிடக்குன்னு ஒரு நாள் தேடுவாங்க, மறுநாள் நானே எடுத்துக் கொடுத்துடலாம்னு... அவன் மேல தப்பில்லைன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்.”

“ரேடியோ இந்நேரம் தெருவுக்கே சொல்லியிருப்பான்” என்றார் தராசு.

அம்மாள் கையைத் தண்ணீருக்குள் முழங்கை வரை விட்டார். தண்ணீருக்கடியில் அல்லி நட்டிருந்த சட்டியை ஒரு பக்கம் சாய்த்தார். அடியிலிருந்து வந்தது, இறால் வாங்கி வரும் தடித்த பிளாஸ்டிக் பை. காற்றும் புகாதபடி ரப்பர்பேண்டு மேல் ரப்பர்பேண்டாகச் சுற்றியிருந்தது. உள்ளே பாஸ்போர்ட் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

மாடிக் கதவில் நின்ற நர்ஸ் பையை வாங்கிக்கொண்டாள். பிரிக்கப் பார்த்தாள், ரப்பர்பேண்டு விரலில் சுற்றிக்கொண்டது. பல்லால் இழுத்தாள். வரவில்லை. கடைசியில் அப்படியே மார்போடு வைத்துக்கொண்டாள்.

“ஏன் அத்தை? நான் எப்ப தொலைவேன்னுதானே தினம் சொல்லிக்கிட்டிருந்தீங்க? குழம்புல உப்பு ஜாஸ்தின்னு இன்னிக்குக் காலையிலகூட ஒரு மணி நேரம்...”

“ஜாஸ்திதான்.”

“ஜாஸ்தி இல்ல!”

“ஜாஸ்தின்னா ஜாஸ்தி.”

கீழே தெருவில் ஹாரன் அடித்தது. இந்தத் தடவை நிற்காமல் அடித்தது. ரேடியோவின் குரல் மாடிவரை ஏறிவந்தது: “டாக்ஸி வந்தாச்சு! பெட்டியை இறக்கவா, வேண்டாமா?”

நர்ஸ் படியின் பக்கம் ஓர் அடி வைத்தாள். நின்றாள். கழுத்தைத் திருப்பாமல் கேட்டாள்.

“என்னை நிறுத்தி வச்சு என்ன அத்தை செய்யப் போறீங்க?”

அந்த அம்மாள் மறுபடி அல்லித் தொட்டியின் பக்கம் திரும்பினார். குனிந்து, இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து, விட்டுப்போன அந்த ஒற்றை இறாலைத் தண்ணீரோடு மெல்ல மெல்ல அள்ளினார். விரலிடுக்கில் ஒழுகாமல் இருக்கக் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். அது அவர் உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றியது. நிமிர்ந்தபோது பழைய உறுமல் திரும்ப வந்திருந்தது. நடுவில் மட்டும் எங்கேயோ கீறல் விழுந்திருந்தது.

“போறவ போ, நான் ஒண்ணும் காலைக் கட்டிக்கல. அந்தக் குளிர் ஊர்ல, நீ ஒரு வார்த்தை சொன்னா திருப்பி ஒம்பது வார்த்தை சொல்ல உனக்கு யாரு இருக்கா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ.”